கதவோரத்து ரப்பர்

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் ஒரு வேலைக்குத் திடீரென்று கிராக்கி வந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் "உள்ளே தண்ணி வருது" என்று வந்து நிற்பார்கள். எஞ்சின், கியர் பாக்ஸ் என்றால் அங்கே ஆள் ஏராளம். கண்ணாடி ரப்பர், கதவோரத்தில் ஓடும் ரப்பர்ப் பட்டையான பீடிங் என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒருவருடைய ஷெட்டில், ஓர் அம்பாசிடருக்கு முன்கண்ணாடி ரப்பரும் கதவு பீடிங்கும் மாற்றுவதைக் கூடவே இருந்து பார்த்தேன். தெருவே அவரை 'பாய்' என்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "முன்கண்ணாடி ரப்பர் வெடிச்சிருக்கு பாய், அங்கேருந்துதான் ஒழுகுது" என்று முடிவோடு வந்திருந்தார். பாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கால்மிதியை எடுத்துவிட்டு அடியில் கிடந்த விரிப்பை உரித்துப் பார்த்தார். இரும்புத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு படர்ந்திருந்தது. "தண்ணி நுழையிற எடம் வேற, நிக்கிற எடம் வேற சார். பார்த்துட்டு சொல்றேன்."

உதவிக்கு இருக்கும் தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்துக் கதவுகளைச் சாத்தினார். பிறகு ஹோஸ் குழாயை எடுத்தார். முதலில் வாசற்படி ஓரம், பிறகு கதவின் அடிப்பகுதி, கீல் பக்கம், கடைசியில்தான் கண்ணாடி. எப்போதும் கீழிருந்து மேலே. மேலேயிருந்து ஊற்றினால் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இறங்கிவிடும், எது ஓட்டை என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிஷம் தண்ணீரை நிறுத்தி, உள்ளேயிருந்து குரல் வருகிறதா என்று காத்திருந்தார். "பாய், ஒயர் பக்கம்!" என்றான் தம்பி. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே ஒயர்கள் நுழையும் துளையில் இருக்கவேண்டிய வட்ட ரப்பர் பொடிந்து உதிர்ந்திருந்தது. சில்லறைக் காசு சாமான். முன்கண்ணாடியின் இடது கீழ் மூலையிலும் ஒழுகியது உண்மைதான். ஆனால் கண்ணாடியை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், ஆசிரியர் அடுத்த மழைக்குத் திரும்ப வந்திருப்பார்.

கதவுகளுக்கு வேறு சோதனை. நாளிதழை நீளவாக்கில் கிழித்து, ஒரு துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்தார். பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் வேலை செய்கிறது. சுளுவாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. சாண் சாணாக நகர்ந்து, வழுக்கின இடங்களில் சாக்பீஸால் குறி போட்டார். ஓட்டுநர் கதவில் மேல் மூலை முழுக்க வெள்ளைக் குறி. பார்வைக்கு அங்கே ரப்பர் முழுசாகத்தான் இருந்தது.

முழுசாகத் தெரிகிற ரப்பரும் செத்துப்போயிருக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கந்தகம் சேர்த்துச் சூடேற்றும்போது ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே விழும் பிணைப்புகள்தான் அதற்கு எழும்பும் குணத்தைத் தருகின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் இந்த முறையைத்தான். கதவு மூடியே கிடக்கும்போது நசுங்கியிருக்கும் ரப்பரில், வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் அந்தப் பிணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து, நசுங்கின நிலையிலேயே மறுபடி பின்னிக்கொள்கின்றன. பிறகு கதவைத் திறந்தாலும் ரப்பர் எழும்பாது. வெடிப்புக்குக் காரணம் வேறு. காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் தாக்கும். இழுவைக்குக் குறுக்காகக் கீறல் விழும். வளைவிலும் மூலையிலும் முதலில் வெடிப்பது அதனால்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் எடுக்கும் பாலில் செய்த இயற்கை ரப்பர், லாரி டயருக்கு இன்றும் உயிர்நாடி. ஓசோனிடம் மட்டும் அது தோற்றுவிடும். 1960களில் சந்தைக்கு வந்த ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் ஓசோன் பற்றிக்கொள்ள இரட்டைப் பிணைப்பே கிடையாது. இன்றைய கார் கதவு ரப்பர் பெரும்பாலும் அதில் செய்ததுதான். அதற்கும் ஒரு பகை உண்டு: மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ். பளபளப்புக்காக டீசல் துணியால் துடைத்தால் ஈபிடிஎம் உப்பி, தளர்ந்து, பள்ளத்திலிருந்து கழன்று வரும்.

மழைக்குப் பயந்து பலர் செய்யும் இன்னொரு காரியம் பாயைக் கோபப்படுத்துகிறது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வெளியே இருக்கும் பீடிங், மழைநீரை முழுதாகத் தடுப்பதற்காக வைத்தது இல்லை. கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியே போகவேண்டும். அந்தத் துளைகள் சேறு அடைத்துக் கிடக்கும், அல்லது யாராவது சிலிகான் பூசி அடைத்திருப்பார்கள். இந்த வண்டியின் பின்கதவு ஒன்றில் பாய் கம்பியை விட்டுக் குத்தியதும், செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. வெளியே பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. கதவின் அடித்தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

சாமான் கிடைப்பது அடுத்த சிக்கல். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றது. மாருதி 800உம் அதே ஆண்டில் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எல்லாம் நினைவில் மட்டும். ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் 'ஒரிஜினல்' என்று பழைய இருப்பை எடுத்துத் தருவார்கள். அட்டைப்பெட்டி பிரியாமல் இருக்கலாம், உள்ளே ரப்பருக்கு வயதாகியிருக்கும். உடைத்த வண்டியிலிருந்து கழற்றின கதவு வாங்கலாம், கைப்பிடி வாங்கலாம், ரப்பர் மட்டும் வாங்கக் கூடாது என்பது பாயின் சட்டம். புதிதாகச் செய்யும் சிறு பட்டறைச் சாமான்தான் மிச்சம். அதிலும் தரம் ஏறியிறங்கும். அவர் நகத்தால் அழுத்திப் பள்ளம் உடனே மறைகிறதா என்று பார்க்கிறார். இரண்டாக மடித்துப் பிடித்து மடிப்பில் முடி அளவு கீறலாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். அன்று கடைக்காரர் காட்டிய முதல் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

அந்த ரப்பர் பிறக்கிற இடத்தையும் பார்த்துவிட நினைத்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனேன். சிறு கூடம். இரண்டு பெரிய உருளைகள் எதிரெதிராகச் சுழல, நடுவே ரப்பர், கார்பன் கரி, எண்ணெய், கந்தகம் எல்லாம் சேர்ந்து தார்போலப் பிசைபடுகின்றன. கரி நிறத்துக்காக மட்டும் சேர்ப்பது இல்லை. வெயிலின் புற ஊதாக்கதிரை அதுதான் தாங்குகிறது. பிசைந்ததைப் பட்டைகளாக்கி எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தில் கொடுத்தால், வாயில் பூட்டியிருக்கும் எஃகு அச்சின் வடிவத்தில் நீளமாக வெளியே வரும். முகப்பவுடர் மாதிரி டால்க் தூவிய தட்டில் அதைச் சுருட்டி, நீராவி ஆட்டோகிளேவில் வைத்து வேகவைக்கிறார்கள். கூடத்துக்குள் கந்தக நெடியும் வெக்கையும். காலையில் வந்தவர் மாலை வரை அதற்குள்தான்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது அச்சு. வெளியே வந்ததும் ரப்பர் உப்பும். பருத்த இடம் ஒரு மாதிரி, மெல்லிய உதடு ஒரு மாதிரி. ஆகவே அச்சின் துளையும் வெளிவரும் ரப்பரின் வெட்டுமுகமும் ஒன்றுபோல இருக்காது. எவ்வளவு உப்பும் என்பது கலவைக்குக் கலவை, சூட்டுக்குச் சூடு மாறும். அச்சு வெட்டும் பெரியவர் முதலில் துளையைச் சிறிதாக வெட்டி, ஒரு முழம் ஓட்டிப் பார்த்து, அரத்தால் தேய்த்து, மறுபடி ஓட்டுகிறார். பழைய வண்டி ரப்பரில் அவருக்கு இன்னொரு தொல்லை. மாதிரிக்கென்று கொண்டுவரும் துண்டு நசுங்கியிருக்கும். நசுங்கினதை அளந்து அச்சு வெட்டினால் நசுங்கின ரப்பர்தான் வரும். "கதவு அழுத்தாத மூலையிலேருந்து ஒரு துண்டு கொண்டாங்கன்னு சொல்வேன். அதுவும் இல்லன்னா, புள்ளைங்க வெளையாடற களிமண்ணை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கதவிடுக்குல வெச்சு மூடச் சொல்வேன். அந்தக் களிமண்ணு சொல்லிடும் எவ்ளோ சந்துன்னு" என்றார். அதைவிடக் கொஞ்சம் தடிமனாக வெட்டினால்தான் ரப்பர் அழுந்தி நிற்கும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது அவர் கைக்குத்தான் தெரியும்.

புதுப்பேட்டையில் கண்ணாடி ஏற்றிய நாளைச் சொல்லவேண்டும். பழைய ரப்பரை அறுத்துக் கண்ணாடியை எடுத்ததும், அது உட்கார்ந்திருந்த தகட்டு விளிம்பு முழுக்கத் துரு. தகட்டு வேலை பார்க்கும் டிங்கர் வந்து பொத்தலை வெல்டிங் வைத்து, இரும்பு வெளிறும்வரை தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவிட்டார். ரப்பர் இருக்கும்போதே சுற்றிலும் டேப் ஒட்டிப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் நிறைய ஷெட்டுகளில் உண்டு. அப்படி அடித்தால் ரப்பருக்குக் கீழே துரு அப்படியே இருக்கும், பெயின்ட் விளிம்பு பெயர்ந்து அதன் வழியே தண்ணீர் இறங்கும். பாய் அதை வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை.

மறுநாள் ரப்பர் வளையத்தைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார்கள். இந்த ரப்பருக்கு இரண்டு பள்ளம்: ஒன்று கண்ணாடியைக் கவ்வும், இன்னொன்று தகட்டு விளிம்பைக் கவ்வும். தகட்டுக்கான பள்ளத்தில் சுற்றிலும் நைலான் கயிற்றைப் பதித்து, இரு நுனிகளையும் கீழ் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக விட்டார். சோப்புத் தண்ணீரை விளிம்பெங்கும் தடவினான் தம்பி. இருவர் வெளியேயிருந்து கண்ணாடியைத் தூக்கி வைக்க, பாய் உள்ளே போய்க் கயிற்று நுனியைப் பிடித்தார். இழுக்க இழுக்கக் கயிறு வெளியே வர, அது வரும் இடத்திலெல்லாம் ரப்பரின் உள் உதடு புரண்டு தகட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஒரு சாண் இழுப்பார், நிறுத்துவார். வெளியே இருப்பவர் அதே இடத்தில் உள்ளங்கையால் தட்டவேண்டும். முஷ்டியால் இல்லை. முதலில் அடிப்பக்கம், பிறகு மூலைகள், கடைசியில் மேல்பக்கம். மூலையில் உதடு மடங்கிக்கொண்டபோது ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. தேய்த்து வழவழப்பாக்கிய மூங்கில் பத்தை ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நெம்பினார். இரும்பு பட்டால் ரப்பர் கிழியும், கண்ணாடி விளிம்பு தெறிக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும் கண்ணாடியில் கோடு ஓடிவிடும். அந்த நேரம் முழுக்க யாரும் பேசவில்லை. கடைசி முழம் கயிறு வந்து விழுந்ததும், "தம்பி, டீ சொல்லு" என்றார்.

இறுகாத கருப்பு மாஸ்டிக்கை வெளி உதட்டுக்கு அடியில் பிதுக்கி முடித்தார். வினிகர் வாடை அடிக்கும் குளியலறைச் சிலிகானை அவர் வண்டிப் பக்கமே விடுவதில்லை. அது காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும்.

கதவு பீடிங் அதைவிட எளிது என்று நினைப்போம். பழைய பசையைச் சுரண்டித் துடைத்தெடுக்கவே பாதி நேரம் போகிறது. ஒட்டும்போது ரப்பரை இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டினது பிறகு சுருங்கி, சேருமிடத்தில் வாய் பிளக்கும். அதனால் தேவைக்குச் சற்று நீளமாக வெட்டி, முனைகளை ஒன்றோடொன்று அமுக்கிச் சேர்க்கிறார். குழல் மாதிரி இருக்கும் பீடிங்கில் காற்று வெளியேறச் சிறு துளைகள் உண்டு. அவற்றில் பசை ஏறினால் கதவு மூடாமல் எம்பும். ஒரு கதவுக்கு அளவான பீடிங் கிடைக்கவில்லை. பழையது நசுங்கியிருந்தாலும் எங்கும் கிழியவில்லை. மீன் தொட்டிக்குக் காற்றுப் போகும் மெல்லிய குழாயை அதன் வயிற்றுக்குள் நுழைத்து நிமிர்த்திவிட்டார். காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது.

இந்தக் கயிறு வித்தை புதுக் கார்களுக்குத் தேவையில்லை. அவற்றின் கண்ணாடி பசையால் ஒட்டப்படுகிறது. பஸ்ஸும் லாரியும் ரப்பரை விடாததால், கரூர், நாமக்கல் பக்கம் பாடி கட்டும் கூடங்களில் இன்னும் இது நடக்கிறது. புதுப்பேட்டையில் வேலை கற்க வருகிற பையன்கள் சீக்கிரமே ஆடியோ, கேமரா மாட்டும் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. பெயின்டுக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிற அதே வண்டிக்காரர், ரப்பர் மாட்டக் கூலி கேட்டால் "இதுக்கா?" என்கிறார். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்று சோப்புத் தண்ணீரில் வெளிறிப்போன விரல்களுக்கு அந்தக் கேள்வி அநியாயம்.

வீட்டில் பழைய வண்டி இருந்தால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவடித் துளைகளைக் குத்திவிடுங்கள். காகிதத் துண்டை வைத்து ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். மாற்றவேண்டி வந்தால் பெயின்டுக்கு முன் ரப்பரைக் கழற்றச் சொல்லுங்கள், கேட்கிற கூலியைக் கொடுங்கள். கழற்றின பழைய ரப்பரைக் குப்பையில் போடாமல் மாட்டினவரிடமே விட்டு வாருங்கள். உங்கள் மாடல் வண்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கு அந்தத் துண்டைப் பார்த்துத்தான் அச்சு வெட்டவேண்டும்.