மூன்று தரம் அளந்த தரை

"சூட்டுத் தரையை நான் ஒன்லைனில எடுத்து வைச்சிருக்கிறன் அண்ணை, நீங்கள் ரைல்ஸை மட்டும் ஒட்டிவிடுங்கோ." ஸ்காபரோவில் பாத்றூம் திருத்துகிற வீடுகளில் இப்போது இதுதான் கதை. பெட்டியை உடைத்தால் உள்ளே 240 வோல்ற் பாய். சுவருக்குள் வந்திருப்பதோ 120 வோல்ற் வயர். அப்படியே பூட்டினால் கால்வாசிச் சூடுதான் வரும். தேர்மோஸ்ரற் மட்டும் வெகு திறம். வேலையில் இருந்தபடியே ஃபோனில் தட்டிப் போடலாமாம்.

முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்றுவிட்டன, தொழிலை விடுகிறேன். போக முன்னர் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூட்டுத் தரை கடையில் தெரிவு செய்கிற சாமான் அல்ல. பழைய தரையைக் கிளப்பி, பலகையில் நின்று பார்த்த பிறகுதான் எது பொருந்தும் என்று சொல்லலாம்.

தண்ணீர்க் குழாயா, மின்சாரமா என்று மண்டையை உடைக்க வேண்டாம். வீடு முழுக்கப் புதிதாகக் கட்டுகிறவரும் பொயிலர் வைத்திருக்கிறவரும் தண்ணீருக்குப் போகட்டும். ஒற்றைப் பாத்றூமுக்கு மின்சாரம் போதும். ஐந்துக்கு எட்டடி அறையில் தொட்டி, வனிற்றி, கொமட் எல்லாம் கழித்தால் சூடாக்க மிஞ்சுவது 20 சதுர அடி வரும். சதுர அடிக்கு 12 வாற்ஸ் என்று வைத்தால் 240 வாற்ஸ். நாலு மணித்தியாலம் எரித்தாலும் ஒரு யூனிற் கரண்ட் ஆகாது. வனிற்றிக்குக் கீழே கேபிள் போகக் கூடாது, சூடு அடைபடும். கொமட்டுக்குக் கிட்டவும் போகக் கூடாது, அடியில் இருக்கிற மெழுகு வளையம் இளகிவிடும்.

கராஜுக்கு மேலே இருக்கிற பாத்றூம் என்றால், முதலில் கராஜ் கூரைக்குள் இன்சுலேசன் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்மன்ற் என்றால் கொங்கிறீற்றுக்கு மேலே இன்சுலேசன் போர்ட் போடாமல் கேபிள் விரிக்காதீர்கள்; பாதிச் சூட்டை மண் குடித்துவிடும். மேல்மாடிப் பலகைத் தரையில், பலகையைத் தாங்குகிற ஜொயிஸ்ற் வளைகிற அளவு, அதன் நீளத்தில் 360இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மார்பிள் என்றால் 720இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பார்க்காமல் போட்ட தரை சூடாகத்தான் இருக்கும், வெடித்தும் இருக்கும்.

சதுரமான அறைக்குப் பாய் சுகம். மூலை முடுக்கான அறைக்குத் தனிக் கேபிள். எனக்குப் பிடித்தது ஷ்லூற்றர் கொம்பனியின் செம்மஞ்சள் விரிப்பு. கேபிள் அதன் குமிழ்களுக்கு இடையில் அமர்ந்துகொள்ளும், பலகையின் அசைவும் ரைல்ஸுக்கு ஏறாது. பாய் என்றால் அதன் வலையை வெட்டலாம்; எதை எடுத்தாலும் கேபிளை வெட்டவே கூடாது.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் ஒரு இத்தாலியக் கிழவர். ஃபிரியூலிப் பக்கத்தார். 1922இல் இருந்து மொசைக்குக்கென்றே பள்ளிக்கூடம் நடக்கிற ஸ்பிலிம்பேர்கோ இருக்கிற பகுதி அது. கேபிள் விரித்த அறைக்குள் சப்பாத்தோடு யாரையும் விடமாட்டார். வாளியைத் தரையில் வைக்கவிடமாட்டார், கார்ட்போர்ட்டின் மேல்தான் வைக்க வேண்டும். இரும்புச் சாந்தகப்பையைக் கண்டால் பறித்துவிட்டு பிளாஸ்ரிக்கைத் தருவார். கேபிள் நுனியில் ஒரு சின்னக் கருவி கொழுவியிருக்கும். வயர் அறுந்தால் அது கத்தும். அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக வேலை முடியும்வரை ரேடியோவும் போடக் கூடாது.

கருவி கத்தவில்லை என்று அவர் ஆறுதல் பட்டதும் இல்லை. மீற்றரை எடுப்பார். 120 வோல்ற்றில் 240 வாற்ஸ் கேபிள் என்றால் 60 ஓம்ஸ் காட்ட வேண்டும். 57க்கும் 66க்கும் இடையில் நின்றால் சரி. பெட்டியில் இருந்து எடுத்தவுடன் ஒரு தரம், விரித்த பிறகு ஒரு தரம், ரைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு தரம். மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைக்கப் பழக்கினார். அதோடும் விடமாட்டார். உள்கம்பியின் உறையில் மட்டும் கீறல் விழுந்தால் ஓம்ஸ் மாறாது. கேபிள் நல்லாக இருப்பதுபோல நடிக்கும்; பிறகு ஈரம் இறங்கியதும் பிரேக்கரைத் தட்டும். ஆகவே உறையைச் சோதிக்கிற மெகர் வைத்து 500 வோல்ற்றில் உள்கம்பிக்கும் சுற்றுக்கம்பிக்கும் இடையில் பார்ப்பார். தரைச் சூட்டை அளக்கிற சென்சர் இரண்டு புதைப்பார், இரண்டு கேபிள் வரிசைக்குச் சரி நடுவில். ஒன்று பூட்ட, மற்றது சும்மா கிடக்க. சென்சர் செத்தால் தரையைக் கிண்ட முடியாது. "இதென்ன, ரைல்ஸ் ஒட்டுறதா, டொக்ரர் வேலையா?" என்று நாங்கள் பின்னால் சிரிப்போம்.

அந்தத் தாள்தான் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. வேலை முடித்துக் கொடுத்த வீட்டில் சூடு வரவில்லை என்று ஃபோன். சூடு வராவிட்டால் முதல் ஃபோன் எப்போதும் ரைல்காரனுக்குத்தான். மூன்று வாசிப்பும் எழுதிய தாளைக் காட்டிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். கதவு சுவரில் இடிக்காமல் இருக்கத் தரையில் ஒரு கட்டை, புது ஸ்குறூவோடு. பின்னால் வந்த தச்சர் கேபிளுக்கு நேரே துளைத்திருக்கிறார். வீட்டுக்காரர் அப்போதும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்ட காசு மட்டும் கூடிப்போச்சு என்றார்.

இப்போதைய பெடியளிடம் லேசர் இருக்கிறது, நல்ல வான் இருக்கிறது, மீற்றர் இல்லை. "எலக்ரீசியன் பார்ப்பார் அங்கிள்" என்கிறார்கள். எலக்ரீசியன் வரும்போது கேபிள் சாந்துக்குள் போய்விட்டது, அவர் எதைப் பார்ப்பார்? சாந்து இறுக கொம்பனியைப் பொறுத்து 7 நாளில் இருந்து 28 நாள்வரை கேட்பார்கள். இவர்கள் படம் எடுத்துப் போட அன்றிரவே சூட்டைப் போட்டுவிடுகிறார்கள். விலையும் எங்களைவிடக் குறைவு. குறையத்தானே வேணும், பாதி வேலை செய்யவில்லையே.

வீட்டுக்காரருக்கு ஒன்று. மூன்று வாசிப்பும் திகதியும் எழுதிய தாளையும், மூடமுன் எடுத்த கேபிள் படத்தையும் வாங்காமல் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள். "அதென்ன தாள்?" என்று கேட்பவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். தேர்மோஸ்ரற் பிடிக்காவிட்டால் ஒரு ஸ்குறூட்ரைவரால் நாளைக்கும் மாற்றலாம்.