தீட்டாத இரும்பு

2016-ஆம் ஆண்டில் திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு டிசம்பர் 4-ஆம் நாளன்று அமைந்தது. அன்று ஆலயத்தில் வாசிக்கப்பட்டது மத்தேயு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். மரங்களின் வேரருகே கோடரி வந்துவிட்டதைத் திருமுழுக்கு யோவான் எடுத்துச் சொல்லி மக்களை எச்சரிக்கும் பகுதி அது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கேட்டுப் பழகிவிட்ட செவிகளுக்கு அந்த எச்சரிக்கை அன்றும் பழகிய ஒலியாகவே பட்டது. கோடரி என்பது வேறு யாருடைய மரத்துக்கோ வைக்கப்பட்டது என்ற நிம்மதியோடு வீடு திரும்பினேன்.

எட்டு நாள் கழித்து, டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அரபு மொழியில் ரோஜாவைக் குறிக்கும் அந்த மென்மையான பெயரைச் சுமந்து வந்த காற்று, முதலில் வடக்கிலிருந்து மரங்களை ஒடித்தது. பிற்பகலில் புயலின் கண் நகரைக் கடக்கையில் சிறிது நேரம் ஓர் அச்சமூட்டும் அமைதி. பின்னர் தெற்கிலிருந்து வீசி, ஒரு பக்கம் அசைந்து தளர்ந்திருந்த வேர்களை மறுபக்கம் பறித்தது. நகரில் விழுந்த மரங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டம், கிண்டி தேசியப் பூங்கா, மயிலாப்பூரின் தெருக்கள் எல்லாம் ஒரே மாலையில் வானம் தெரிய வெளிறிப்போயின. அந்தச் சபைத் தோட்டத்தின் புகழ்பெற்ற ஆலமரம் 1989-ஆம் ஆண்டுப் புயலிலேயே தன் தாய்மரத்தை இழந்துவிட்டு விழுதுகளின் பலத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆழ வேர்விடாத அயல்நாட்டு மரங்களுக்கு அந்தப் பலம் ஏது?

மந்தைவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு மரங்கள் இருந்தன. ஒன்று என் தந்தையார் நட்ட மயில்கொன்றை. மற்றொன்று யாரும் நடாமல் தானே முளைத்த வேம்பு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட மயில்கொன்றை மே மாதத்தில் தெருவையே சிவக்க வைக்கும். அழகும் நிழலும் அதற்குரியவை. ஆழமான வேர் அதற்குரியதன்று. சுற்றுச்சுவரைத் தகர்த்துக்கொண்டு அது சாலையின் குறுக்கே வீழ்ந்து கிடந்தது. வேம்பு சற்றே சாய்ந்து, வீட்டின் மாடிச் சுவரை நோக்கித் தலை குனிந்து நின்றது.

மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. சாலை அடைபட்டதால் அண்டை வீட்டார் அனைவரும் எங்கள் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, கோட்டூர் பக்கத்திலிருந்து மரம் அறுப்பவர் ஒருவர் தம் இளைய சகோதரனுடன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் வடம், கையில் பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள். அதை அவர் 'மெஷின்' என்றே சொன்னார்.

அவர் வேலை தொடங்கிய விதத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. வந்தவுடன் அவர் வாளை எடுக்கவில்லை. விழுந்த மரத்தை இருமுறை சுற்றி வந்தார். நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட விழுந்த மரத்தை வெட்டுவதே ஆபத்து என்று பிறகு விளக்கினார். சுவரின்மேல் கிடந்து வளைந்திருக்கும் கிளையில் ஒருபுறம் மரம் நசுங்கிக்கொண்டும், மறுபுறம் நாண்போல் இழுபட்டும் இருக்கும். இழுபட்ட புறத்தில் எடுத்த எடுப்பிலேயே ஆழ அறுத்தால் கிளை பிளந்து முகத்தில் அறையும். நசுங்கிய புறத்தில் ஆழ அறுத்தால் வாள் சிக்கிக்கொள்ளும். ஆகவே முதலில் நசுங்கிய புறத்தில் சிறிது, பின் இழுபட்ட புறத்திலிருந்து மீதி. கிளையின் உள்ளே அடங்கியிருக்கும் சினத்தை அறிந்து அறுக்க வேண்டும் என்பது அவருடைய பாடம்.

நண்பகல்வரை வேலை சீராக நடந்தது. வாளிலிருந்து வெளிப்பட்டவை தடித்த மரச்செதில்கள். அடிமரத்தில் ஆளுயரத்தில் வைத்தபோது திடீரென ஒரு கிறீச்சொலி, ஒரு தீப்பொறி. வாளை நிறுத்திவிட்டு அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மரத்துக்குள் ஓர் ஆணி புதைந்து கிடந்தது.

அது யாரோ விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஆணி என்றுதான் அவர் எண்ணினார். சென்னைத் தெரு மரங்களில் அது வழக்கமான காட்சி. ஆனால் எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் காகித விண்மீன் கட்டுவதற்காக நானே அடித்த ஆணிகளில் ஒன்று அது. மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரத்தில் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நின்று, பருத்துவரும் மரத்துக்குள் மெல்ல மறைந்துபோகிறது. விழா முடிந்ததும் விண்மீனைக் கழற்றினேன். ஆணியைக் கழற்றும் எண்ணம் ஓர் ஆண்டும் வந்ததில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அது என் முதல் பிழை.

அவர் ஒரு கட்டையின்மேல் அமர்ந்து, பையிலிருந்து உருண்டையான அரம் ஒன்றை எடுத்தார். "பல்லு போயிடுச்சு சார். அரை மணி நேரம் ராவணும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. சாலையில் வண்டிகள் காத்து நின்றன. அண்டை வீட்டார் முணுமுணுத்தார்கள். "இன்னும் நாலு வெட்டுதானே, அப்படியே முடித்துவிடலாமே. உட்கார்ந்து அரம் தீட்டவா உங்களை அழைத்தேன்?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை. அரத்தைப் பையில் வைத்துவிட்டு எழுந்தார்.

அதன்பின் வாளிலிருந்து செதில் வரவில்லை. மாவுபோன்ற தூள்தான் வந்தது. கருகிய மணம் எழுந்தது. கூரான சங்கிலி மரத்தைத் தானே கடித்து உள்ளிழுத்துக்கொள்ளும். மழுங்கிய சங்கிலியை மனிதன் தன் உடல் பாரத்தால் அழுத்த வேண்டும். அவர் அழுத்தினார். மூன்றாம் வெட்டில் கிளை சட்டென்று முறிந்தது; அழுத்திய வேகத்தில் வாள் கீழே பாய்ந்து அவருடைய இடது தொடையில் பட்டது. விசையிலிருந்து விரலை அவர் உடனே எடுத்துவிட்டதால் சங்கிலி வேகம் குறைந்திருந்தது. எலும்பு தப்பியது. சதை தப்பவில்லை.

ஆட்டோ வர வழியில்லாத சாலையில், மீன்பாடி வண்டி ஒன்றில் அவரைக் கிடத்தி, கிளைகளுக்கிடையே புகுந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பதினான்கு தையல். நவம்பர் 8-ஆம் நாள் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்ட பிறகு வந்த வாரங்கள் அவை. என் கையில் இருந்தது ஒரே ஓர் இரண்டாயிரம் ரூபாய்த் தாள். அதை அந்தச் சகோதரனிடம் கொடுத்தேன். கூலியும் வைத்தியமும் அதற்குள் அடங்கிவிட்டதுபோல ஒரு பாவனையோடு வீடு திரும்பினேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்றபோது பொறுமையின்மை, கடுஞ்சொல் என்று வழக்கமான பட்டியலில் இதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். குருவானவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மனிதரைப் போய்ப் பார்த்தீர்களா?" நான் மௌனமாக இருந்தேன். அதையே அவர் எனக்குரிய பரிகாரமாகத் தந்தார்.

மறுநாள் அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். ஒற்றை அறை, ஓலைப்பாயில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். நகரமெங்கும் மரங்கள் விழுந்து கிடக்க, ஓராண்டுக்கான வேலை ஒரு மாதத்தில் கிடைக்கும் பருவத்தில், அவர் வீட்டில் அடங்கிக் கிடந்தார். ஆணி என்னுடையது என்பதைச் சொன்னேன். அவசரமும் என்னுடையதுதான் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "நான்தான் சார் எழுந்திருச்சிருக்கக் கூடாது. மழுங்குன மெஷினைக் கையில எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ல" என்றார். பழியைப் பங்கிட்டுக்கொள்ள அவர் முன்வந்தது எனக்குப் பழியைவிடக் கனமாக இருந்தது. இழந்த வாரங்களின் கூலியை ஏற்கச் செய்ய மும்முறை நடக்க வேண்டியிருந்தது.

2017 பிப்ரவரி இறுதியில், தவக்காலம் தொடங்கும் முன், அவர் மீதி வேலையை முடிக்க வந்தார். இம்முறை முதலில் அமர்ந்தவர் அவரல்லர், நான். அரத்தை என் கையில் கொடுத்து, எப்படி ராவுவது என்று கற்பித்தார். வாளின் தகட்டை அசையாமல் பிடித்துவைக்க வேண்டும். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, முப்பது பாகைச் சாய்வில், முன்னோக்கி மட்டுமே தள்ள வேண்டும். திரும்பி இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒருபுறப் பற்கள் நீண்டும் மறுபுறப் பற்கள் குறுகியும் போனால் வாள் நேராக அறுக்காமல் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அளப்பது அதுதான். பல்லைவிட அது ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்திருக்க வேண்டும். பேராசைப்பட்டு அதை அதிகம் ராவிவிட்டால் வாள் மனிதனை நோக்கி உதைக்கும்.

வலு குறைந்தால் எந்திரத்தைக் குறைசொல்லாமல் முதலில் காற்று வடிகட்டியைத் தட்டித் துடைக்க வேண்டும். தூள் அடைத்தால் எந்திரத்துக்கு மூச்சு முட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய் என்ற கணக்கு தவறக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெய் போகும் துளையைச் சுத்தமாக வைக்க வேண்டும். தரையை ஒரு கணம் தொட்டாலும் பல் மழுங்கும். செதில் வந்தால் அறு; தூள் வந்தால் உட்கார். அவருடைய கல்வி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

இந்தப் பல்லின் வரலாற்றைப் பின்னர் படித்தறிந்தேன். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்று இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து மரத்தைக் குடைந்து செல்வதைக் கண்டார். அந்தத் தாடையைப் பார்த்தே இன்றைய சங்கிலிப் பல்லுக்கு முன்னோடியான வடிவத்தை அவர் அமைத்தார். ஒரு புழுவிடம் அமர்ந்து பாடம் கேட்கும் பொறுமை ஒரு மரவெட்டிக்கு இருந்திருக்கிறது. அரை மணி நேரம் அமர விடும் பொறுமை எனக்கு இல்லாமற் போயிற்று.

இரும்பு மழுங்கியிருந்தும் தீட்டாதவன் அதிக பலத்தைச் செலவழிக்க நேரும் என்ற கருத்து சபை உரையாளர் நூலின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய வசனமே மரம் பிளப்பவனுக்கு நேரும் ஆபத்தைப் பேசுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அந்த ஞானி, மரம் வெட்டுவோரை அருகிலிருந்து பார்த்தவராகவே இருக்க வேண்டும். மயிலாப்பூரில் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த கதையும் ஒரு மரத்தைப் பற்றியதுதான்: கரையொதுங்கிய பெருமரத்தை அரசனின் ஆட்களும் யானைகளும் அசைக்க முடியாதபோது, புனித தோமையார் தம் இடைக்கச்சையால் கட்டி இழுத்தார் என்பது மரபு. சாந்தோம் பேராலயத்தின் பின்னே கடலை நோக்கி நிற்கும் கம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம், பலம் தோற்ற இடத்தில் வேறொன்று வென்றதைத்தான் அந்தக் கதை சொல்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? செபத்துக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கவேண்டிய அரை மணி நேரத்தை வீண் என்று எண்ணுகிறோம். மழுங்கிய மனத்தை அழுத்தி அழுத்தி வேலை வாங்குகிறோம். அந்த அழுத்தத்தில் வாள் நழுவும்போது காயப்படுபவர் பெரும்பாலும் நம்மிடம் கூலிக்கு வந்தவராகவோ, நம் பேச்சை மறுக்க இயலாதவராகவோ இருக்கிறார்.

அன்று வேம்பையும் வெட்டிவிடுங்கள் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். வேரடியில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். "வேரு விட்டுப்போகல சார். தலைப் பாரத்த மட்டும் இறக்கி, வடம் போட்டுக் கட்டி வைக்கிறேன். ஒரு வருஷம் பாருங்க. சரியில்லன்னா நானே வந்து எடுக்கிறேன்" என்றார். லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசிய தோட்டத் தொழிலாளர் என் முற்றத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. கோடரியைக் கையில் வைத்திருப்பவரே தவணை கேட்கும்போது, மறுக்க எனக்கு என்ன உரிமை?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நகரம் மூழ்கியபோதும் அந்த வேம்பு நின்றது. இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் அதில் விண்மீன் கட்டுகிறேன், கயிற்றால். ஆணி அடிப்பதில்லை.