சைகோன் நன்னாவின் கட்டம் போட்ட நோட்டு

விடிகாலையில் ஓதப் போகவேண்டும். ஏழரைக்குத் திரும்பி வந்து, ஆப்பத்தை விழுங்கிவிட்டுப் படிக்கப் போகவேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அரபு என்றால் ஓதுவது. தமிழ், கணக்கு, பிரெஞ்சு எல்லாம் படிப்பது. ஓதுகிற பள்ளிக்குத் தொப்பி, படிக்கிற பள்ளிக்கூடத்துக்குச் செருப்பும் பையும். புதுச்சேரியில் முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் வளர்ந்த என் வயசுப் பையன்கள் எல்லாருக்கும் காலை நேரம் இப்படித்தான் இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

1981இல் எனக்குப் பத்து வயசு. அம்ம ஜுஸுவை முடித்திருந்தேன். குர்ஆனின் முப்பது பாகங்களில் கடைசிப் பாகம் அது. ‘அம்ம’ என்று தொடங்குவதால் அந்தப் பெயர். பெரிய சூராக்கள் முன்னால், சின்னச் சின்னவை பின்னால் இருக்கிற கிதாபு ஆகையால், பிள்ளைகளுக்கு வாலிலிருந்துதான் ஆரம்பம். நூற்றுப் பதினாலாவது சூராவான நாஸில் தொடங்கிப் பின்னோக்கி நடப்போம். கிதாபை விரித்து வைக்கும் ரேகாலுக்கு முன்னால் சம்மணம் போட்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, முப்பது பிள்ளைகள் முப்பது இடத்தில் ஒரே நேரத்தில் ஓதுவோம். அந்த இரைச்சலிலும் எவன் எழுத்தை விழுங்கினான் என்று ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்குத் தெரிந்துவிடும். நீட்டவேண்டிய இடத்தில் குறுக்கினால் ஓர் அடி, தொண்டை எழுத்தை நாக்கில் சொன்னால் இரண்டு. அர்த்தம் தெரியவில்லை என்று யாரும் அடி வாங்கியதில்லை. அது பாடத்திலேயே கிடையாது.

இந்தப் புலமையோடு இருந்த என்னைத்தான் சைகோன் நன்னா தனக்கு வாத்தியாராகப் பிடித்தார்.

அவர் என் நன்னியின், அதாவது பாட்டியின், தம்பி. பதினைந்து வயசில் கப்பலேறி, சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே நம் பக்கத்து முஸ்லிம்கள் சேர்ந்து பெரிய பள்ளிவாசல் கட்டிய 1935தான் அவர் போய் இறங்கிய வருஷமும். பிறகு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தாவாகி, இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்தார். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். பென்ஷன் ஃபிராங்கில் வரும். மனைவி மவுத்தாகி, பிள்ளைகள் பிரான்சில். காலையில் நீளரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்பார். அறுபத்தோரு வயசு.

ஒரு ஜனவரி மாலை எங்கள் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பிரெஞ்சு நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் பட்டியல் கிழித்திருந்தார். ‘ஆம்ப்லுவா து தாம்’ என்றார். கால அட்டவணை.

“அக்கா, நான் ஓதப்போறேன்.”

நன்னி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இந்த வயசுலயா தம்பி? பள்ளியில சின்னப் பசங்களோட உக்காருவியா?” என்றார்.

“பள்ளிக்கு ஏன் போறேன்? நானே படிச்சுக்குவேன். தப்பு பாக்க இவரு இருக்காரு.” என்னைக் காட்டினார். அன்றிலிருந்து நான் ‘மெசியே புரொஃபெசர்’.

அட்டவணை பட்டாள ஒழுங்கில் இருந்தது. ஜனவரி: கலிமா, அதன் பொருள், ஈமானின் ஆறு. பிப்ரவரி: தொழுகைக்கு முன் கழுவும் ஒளு. மார்ச்: அல்ஹம்து சூரா, ஏழே ஆயத்து, நான்கு நாளைக்கு ஓர் ஆயத்து. ஏப்ரலில் கடைசிச் சின்ன சூராக்கள். மே, ஜூனில் தொழுகை: சுபுஹு இரண்டு, லுஹர் நான்கு, அஸர் நான்கு, மஃரிப் மூன்று, இஷா நான்கு, ஆக ஒரு நாளைக்குப் பர்ளு பதினேழு ரக்அத் என்று கூட்டிக் கீழே இரட்டைக்கோடு போட்டிருந்தார். ஜூலை நோன்பு. அப்புறம் ஜகாத். ஹஜ்ஜுக்கு ஒரு கட்டம் விட்டு, கேள்விக்குறி.

இத்தனை வருஷம் ஏன் ஓதவில்லை என்று கேட்டேன். பத்து வயசில் எதையும் கேட்கலாம்.

“சைகோன்ல வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போவேன். முன்னாடி நிக்கிறவன் குனிஞ்சா குனிவேன், நிமிந்தா நிமிருவேன். கடையில யாரு இதெல்லாம் சொல்லித்தருவா? அப்புறம் அல்ஜீரியா. ஒரு கிழவன் என் பேரைக் கேட்டான். சொன்னேன். சலாம் சொன்னான், பதில் சொன்னேன். அதுக்கு மேல என்னமோ ஓதி, நீயும் ஓதுன்னான். எனக்கு ஒண்ணும் தெரியல. துப்பாக்கிய மாட்டிக்கிட்டு நின்னேன்.” அவ்வளவுதான் சொன்னார்.

ஒளுவிலேயே முதல் முட்டுக்கட்டை. எங்கள் வீடு ஹனஃபி சட்டப்பிரிவு. முகம், கை, தலை, கால் என்று பர்ளு, அதாவது கட்டாயக் கடமை, நான்கு. எதிர்வீட்டு மரைக்காயர் ஷாஃபி பிரிவு. நிய்யத்தும் வரிசைக்கிரமமும் சேர்த்து ஆறு என்றார். நன்னா நோட்டில் இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் எழுதி, ஒரு நாள் முழுக்க யோசித்தார். “ஆறைச் செஞ்சா நாலு அதுல அடங்கிடும். எப்பவும் பெரிய லிஸ்டுதான் எடுத்துக்கணும்.” தலையை ஈரக்கையால் தடவும் மஸ்ஹு எவ்வளவு என்பதிலும் பேதம் உண்டு. அவர் வழுக்கையை முழுசாகவே தடவிக்கொண்டார்.

அவருக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அரபெழுத்து புள்ளிகளிலேயே குழம்பும். ஆகவே சூராவை நான் சொல்லச் சொல்ல, பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டார். அங்கே வந்தது வம்பு. பிரெஞ்சில் ‘ஆஷ்’ என்று ஓர் எழுத்து உண்டு. நம் ஹவுக்கு உரியது. எழுதுவார்கள், உச்சரிக்கமாட்டார்கள். அரபியிலோ ஹ இரண்டு, இரண்டும் ஒலிக்கவேண்டும். நன்னா நோட்டைப் பார்த்து வாசித்தால் அல்ஹம்து ‘அலம்து’ ஆகிவிடும். நான் ஹஜ்ரத் மாதிரியே விரலால் தரையைத் தட்டி, “ஹ... ஹ...” என்பேன். அவரும் கண்ணாடியில் ஊதுவதுபோல் ஊதிப் பழகுவார்.

ஆனால் ஏழாவது ஆயத்துக்கு வந்தபோது கதை மாறியது. அதில் ‘மக்ழூபி’ என்று ஒரு சொல். அந்தக் க, நம் க அல்ல. கைன் என்கிற தொண்டை எழுத்து. அதற்காக நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. நன்னா ஒரே தடவையில், வாய் கொப்பளிக்கிற மாதிரி தொண்டையில் உருட்டி, சுத்தமாகச் சொன்னார். ஆச்சரியமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ர சொல்லும் இடத்துக்கு வெகு பக்கத்தில்தான் அரபியின் கைன் இருக்கிறது என்பது பிற்பாடு எனக்கே புரிந்தது. பட்டாளம் கொடுத்த ரவை வைத்து அவர் கைனைப் பிடித்துவிட்டார். அடுத்த ழ அவருக்குப் பிறவிச் சொத்து. அரபியின் ழாதை நம்மவர்கள் ழ என்றே எழுதிச் சொல்வது வழக்கம்தானே. மறுநாள் நான் அவரைப்போல் கைனை உருட்டினேன். ஹஜ்ரத் பிரம்பைக் கீழே வைத்தார்.

நன்னியும் இந்த வகுப்பில் ஓரமாகச் சேர்ந்துகொண்டார். அவரிடம் மஞ்சளேறிய கிதாபு ஒன்று இருந்தது. பேச்சு தமிழ், எழுத்து அரபு. அர்வி என்பார்கள், அரபுத்தமிழ் என்றும் சொல்வதுண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ முஸ்லிம் பெண்கள் மார்க்கம் அறிந்தது இந்த எழுத்தில்தான். ழ எழுத ழாதுக்கே ஒரு புள்ளி கூட்டியிருப்பார்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாத நன்னி, இதை மூச்சுவிடாமல் வாசிப்பார். அரசாங்கக் கணக்கில் அவர் எழுதப்படிக்கத் தெரியாதவர்! தமிழை அரபெழுத்தில் வாசிக்கும் அக்கா, அரபியைப் பிரெஞ்சு எழுத்தில் வாசிக்கும் தம்பி, நடுவில் ஒன்றும் புரியாமல் எல்லாம் ஓதும் நான்.

ஒன்றும் புரியாமல் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு சூராவை முடித்ததும், “சரி, என்னா சொல்லுது இது?” என்றார். முழித்தேன். அடுத்த சூரா, அதே கேள்வி, அதே முழி. அவர் திட்டவில்லை. மறுவாரம் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் தமிழ் தர்ஜுமாவை எங்கிருந்தோ வாங்கி வந்தார். வேலூர் பாக்கியாத்தில் ஓதிப் பட்டம் பெற்றதால் பாகவி; முழுக் குர்ஆனையும் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடி. நான் தமிழில் வாசிக்க, அவர் கேட்டு, ஒற்றை வரியில் நோட்டில் குறித்துக்கொள்வார். ஏழு மாதமாக வாய் நிறைய ஓதிய சூராவில் அநாதையை விரட்டுகிறவனைப் பற்றிப் பேச்சு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நபிக்கு முதலில் இறங்கிய சொல் ‘இக்ரஃ’ என்று சொன்னபோது, “அதுக்கு ஓதுன்னு அர்த்தமா, படின்னு அர்த்தமா?” என்று கேட்டார். பதில் இல்லை. பயந்து பயந்து ஹஜ்ரத்திடம் கேட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, “ரெண்டும்தான்” என்றார்.

அந்த வருஷம் ஜூலை முதல் வாரத்தில் நோன்பு பிறந்தது. பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை 14 நோன்புக்குள் வந்தது. வழக்கம்போல் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் போன நன்னா, பிறகு நடந்த விருந்தில் தண்ணீரைக்கூடத் தொடாமல் திரும்பி வந்து, பள்ளியில் எங்களோடு நோன்புக்கஞ்சிக்கு வரிசையில் நின்றார். ஜகாத்துக்கு ஃபிராங்கை ரூபாயாக்கி, நாற்பதில் ஒன்று எடுக்கும் கணக்கை நான்தான் போட்டேன். இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். இரண்டு தடவையும் அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது. மூன்றாவது தடவை அவரே போட்டுவிட்டார்.

அவர் போனபின் கட்டம் போட்ட நோட்டு சாமான்களோடு பிரான்சுக்குப் போய்விட்டது. நன்னியின் கிதாபு மட்டும் என்னிடம் இருக்கிறது. ஓதத் தெரிந்த எனக்கு அதை இன்றுவரை வாசிக்க வரவில்லை. அர்வி வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது புதுச்சேரியிலோ காரைக்காலிலோ இருந்தால் சொல்லுங்கள். கிதாபை எடுத்துக்கொண்டு வருகிறேன்.