இடது கைக்கு ஒரு பறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பாலாற்றுப் படுகையின் இந்த ஊர்களிலிருந்து உலகம் முழுவதற்கும் ஷூ போகிறது, கைப்பை போகிறது. ஆனால் இங்குள்ள தொழிற்சாலைகளில் பதமாகி வெளியே வரும் தோலில் ஒரு துண்டுகூடப் பறைக்கு உதவாது. ஒரே மாட்டின் தோல்தான். டேனரிக்குள் போய்வந்தபின் அது பேசாது.

காரணம் தோலின் உள்ளமைப்பில் இருக்கிறது. பச்சைத் தோல் முழுக்கக் கொலாஜன் என்ற புரத இழைகள். டேனரியில் அதைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுத்து, சதையைச் சீவி, குரோம் உப்போடு பெரிய டிரம்முக்குள் போட்டுச் சுழற்றுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரைக்கூட அந்தத் தோல் தாங்கும். பிறகு எண்ணெய் ஏற்றுவார்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் நழுவிக்கொடுக்கும். நடக்கும்போது காலோடு மடங்கி நிமிர வேண்டிய ஷூவுக்கு அதுதான் தேவை. பறையில் அதைக் கட்டினால் அடிக்கிற அடியெல்லாம் உள்ளேயே அடங்கிவிடும். பதமிடாத தோலை ஈரமாக இழுத்துக் கட்டிக் காயவிட்டால் இழைகள் ஒன்றையொன்று பிடித்து இறுகி, பலகைபோல் விறைக்கின்றன. அந்த விறைப்புதான் அடியைத் திருப்பி அனுப்புகிறது.

இதையெல்லாம் எனக்கு விளங்க வைத்தவர், பேர்ணாம்பட்டு சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் பறை செய்கிற பெரியவர். அவர் மகன் டேனரியில் வேலை செய்கிறார். மருமகள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். பெரியவரின் வேலை வீட்டு வாசலில், வேப்பமர நிழலில்.

கல்லூரிப் பறைக் குழுவில் சேர்ந்திருக்கும் என் மகளுக்காகத்தான் அவரிடம் போனோம். அவள் இடது கைக்காரி. இரவல் பறையில் கயிறு மாட்டும் துளை அவளுக்குத் தப்பான பக்கத்தில் இருந்தது, சட்டம் விலா எலும்பில் இடித்தது. கிட்டாரில் இதே தொல்லை உண்டு. வலது கைக்காரர்களுக்காகச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டித்தான் இடது கைக்காரரான ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தார். பெரியவர் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, "அவரு ஏன் திருப்பணும்? செஞ்சவன்ல மாத்திக் குடுத்திருக்கணும்" என்றார்.

முதலில் அவர் தோலைத் தொடவில்லை, மரத்தையும் தொடவில்லை. ஒரு பழைய சட்டத்தை அவள் தோளில் மாட்டி, கையில் குச்சிகளைக் கொடுத்து, "ஆடிக்கினே அடி கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சட்டம் எங்கே உடம்பில் பதிகிறது, முன்கை எங்கே அழுத்துகிறது, குனிந்து எழும்போது எந்தப் பக்கம் சரிகிறது என்றெல்லாம் கவனித்தார். வழக்கமான பறை சுமார் 35 செ.மீ. விட்டம், 14 அங்குலம் என்பார்கள். இவளுக்கு ஓர் அங்குலம் குறைக்கலாம் என்று முடிவு செய்தார். வட்டம் சிறுத்தால் ஒலி மேலே ஏறிக் கீச்சிடும். அதைக் கீழே இறக்க, சற்றுத் தடித்த தோலாகத் தேட வேண்டும் என்றும் அப்போதே சொன்னார். விட்டம், இழுவிசை, தோலின் எடை மூன்றும் சேர்ந்துதான் முரசின் சுருதியை முடிவு செய்கின்றன என்பது இயற்பியல் பாடம். இவர் அந்தக் கணக்கைக் கையாலேயே போடுகிறார். இதற்கு வடிவமைப்பு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

சட்டம் வேம்பு. வில்போல் வளைந்த மூன்று துண்டுகள், அவற்றைப் பிணைக்க மூன்று இரும்புப் பட்டைகள். ஒரே கட்டையில் வளையம் குடைந்தால் சில இடங்களில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடி, அங்கே விரிசல் விடும். மூன்றாக அறுத்தால் ஒவ்வொரு துண்டிலும் ரேகை நீளவாக்கில் நிற்கும். மகளின் முன்கை படும் இடத்தில் பட்டை வராதபடி இணைப்புகளை நகர்த்தி வைக்கத் தச்சரிடம் சொன்னார். கயிற்றுத் துளை எதிர்ப்பக்கம் போனது.

தோல் எடுப்பதுதான் வேலையின் உயிர். அவர் உப்புத் தோலை வாங்குவதில்லை. டேனரிகளுக்குத் தோல் தொலைதூரத்திலிருந்தெல்லாம் வருகிறது, அழுகாமலிருக்க உப்பு வேண்டும். அந்த உப்பைக் கழுவிய நீரும் குரோமும் சேர்ந்து பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தன என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதியது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுவதும் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. பெரியவருக்கு உப்பு வேறு விதத்திலும் ஆகாது. தோலுக்குள் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், பறை தொய்ந்துபோகும். எனவே கறிக்கடைக்கு விடியலிலேயே போய்க் கன்றுத் தோலைப் பச்சையாகவே வாங்கி வருகிறார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்க்கிறார். வயிற்றுப் பக்கம் தளர்ந்த தோல், இழுக்க இழுக்க வரும். முதுகை ஒட்டிய பகுதிதான் சீரானது.

புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தின் விளிம்பில் தடவினார். ஈரத் தோலைப் போர்த்தி, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துக் கயிறு சுற்றி இறுக்கினார். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயாதா ஐயா என்று கேட்டேன்.

"வெயில்ல போட்டா ஓரம் மொதல்ல காஞ்சிடும், நடுவுல ஈரம் நின்னுக்கும். அப்பால ஒரு பக்கமா இழுத்துக்கினு பசையே வுட்டுடும். நெழல்ல கெடக்கட்டும், அவசரம் இன்னா?"

அவரிடம் செயற்கைத் தோல் பூட்டிய பறையும் ஒன்று இருக்கிறது. இன்று பல குழுக்கள் அதைத்தான் விரும்புகின்றன. மழையில் தொய்யாது, தீ மூட்டிக் காய்ச்ச வேண்டியதில்லை. அவர் அதைப் பழிக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து அடித்துக் காட்டினார். செயற்கைத் தோலின் அடி கூர்மையாக வந்து அங்கேயே நின்றது. கன்றுத் தோலில் அந்தக் கூர்மைக்கு அடியில் ஒரு கனம் இருந்தது. என் காது அந்தக் கனத்தின் பக்கம்.

இந்தக் கைவேலையைப் பற்றி எழுதும்போது சாதியை விட்டுவிட்டு எழுத முடியாது. செத்த மாட்டின் தோலைக் கையாள்வதும் சாவுக்குப் பறை அடிப்பதும் தலித் மக்கள்மேல் ஊர் சுமத்திய வேலைகள். அவற்றை உதறியவர்கள் சரியாகவே உதறினார்கள். "சாவுக்கு அடிக்கிறத எங்கப்பா காலத்தோட வுட்டாச்சி. செய்யிறத மட்டும் வுடல" என்றார் பெரியவர். மகன் இதைக் கற்கவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

பறை மேடையேறியிருக்கிறது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தியபோது பறையும் மின் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்றன. 2025-இல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இரண்டும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் கருவியைச் செய்கிறவர் எங்கே? 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இருந்தும் அவர் பெயர் அதன் தலைப்பகுதியில் இருக்கிறது. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு முழு நூலே எழுதினார். பறை செய்கிறவர்களுக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். பெயர்கள் சொல்லி, முறைகள் சொல்லி, படங்கள் போட்டு.

விலை பேசும்போது அவர் கணக்கைச் சொன்னார். மரம், தச்சர் கூலி, இரும்புப் பட்டை, தோல், புளியங்கொட்டை. மகளைச் சுற்றி நடந்து பார்த்ததும், தோலை வெயிலில் பிடித்துத் தேர்ந்ததும் அதில் இல்லை. அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா என்றேன். அதற்கெல்லாம் யாரும் காசு கொடுத்ததில்லை என்றார். கொஞ்ச நேரம் பேசி, தச்சர் கூலிக்குச் சமமாக ஒரு தொகையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.

பறை காய்ந்ததும் வைக்கோல் தீயில் காட்டி, மகளிடம் கொடுத்தார். மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி அவள் வலது கையில், தடித்த அடிக்குச்சி இடது கையில். சிண்டுக்குச்சி விளிம்பில் தட்டியது. வாங்கி, கத்தியால் நுனியைச் சீவிக் கொடுத்தார். மறுபடி தட்டியது, மறுபடி சீவினார். அதன்பிறகு தட்டவில்லை.

அவள் குழுவில் உயரமான தோழி ஒருத்திக்கும் பறை வேண்டுமாம். அளவைப் போனில் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, ஆளையே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். சித்திரை பிறப்பதற்குள் வர வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதற்கு முன்னால் அவருக்குக் கை ஒழியாது.