சவர்த் தண்ணி மீனும் எங்கட கிணறும்

மீன்தொட்டி விற்கிற கடைகளில் பச்சை உடம்பும் கறுப்புப் புள்ளியுமாகக் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற குட்டிப் பேத்தையைப் பெரும்பாலும் நல்ல தண்ணி மீன் எண்டுதான் விற்பார்கள். உண்மையில் அது இலங்கை தொடக்கம் இந்தோனேசியா வரை, ஆறும் கடலும் கலக்கிற சவர்த் தண்ணியில் வாழ்கிற மீன். குட்டியில் நல்ல தண்ணியைச் சமாளிக்கும். வளர வளர உப்புக் கேட்கும். உப்பில்லாமல் வைத்திருந்தால் வருத்தம் வந்து கெதியில் செத்துவிடும்.

சுன்னாகத்தில் எங்கட வீட்டில் ஒரு பேத்தை வளர்கிறது. ஒன்றுதான், ஏனெண்டால் இரண்டு விட்டால் ஒன்றின் செட்டையை மற்றது கடிக்கும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது தேய, நத்தை, மட்டி, கோதோடு இறால் எண்டு கடினமான சாப்பாடு வேணும். வலையால் தூக்கக் கூடாது. காற்றை விழுங்கி ஊதினால் சிலவேளை வெளியே விட முடியாமல் செத்துப்போகும். கோப்பையால் தண்ணியோடு அள்ள வேணும்.

இதெல்லாம் பழகிவிடும். பாடுபடுத்துவது தண்ணிதான்.

கறி உப்புச் சரிவராது. கடல் தண்ணியில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். மாதகலில் அள்ளிவருகிற கடல் தண்ணி ஒரு பங்கு, கிணத்துத் தண்ணி மூன்று பங்கு கலந்தால் 9 கிராம் அளவில் வரும். எங்கட நிலம் சுண்ணக்கல், கேத்திலில் வெள்ளை படிகிற தண்ணி. அந்த வன்மை பேத்தைக்கு நல்லது.

ஆனால் பேத்தை அதிகம் கழிக்கிற மீன். கழிவு அமோனியாவாகி, நைத்திரைற்றாகி, கடைசியில் நைத்திரேற்றாக நிற்கும். அதைக் குறைக்கத்தான் கிழமைக்கொருக்கால் தண்ணி மாற்றுவது. எவ்வளவு மாற்றியும் குறையவில்லை. கிணத்துத் தண்ணியை நேரே அள்ளிச் சோதித்தேன். குழாய் சிவந்தது.

தோட்டங்களுக்குப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கழிவும் செம்மண்ணால் இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகளால் கிணத்துக்கு வருகின்றன. வலிகாமத்துக் கிணறுகளில் ஆய்வாளர்கள் பல வருஷமாகச் சொல்லிவருகிற விசயம் இது. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

"மீனுக்கே ஆகாத தண்ணியை நாங்கள் எப்பிடியடா குடிக்கிறது?" எண்டு அம்மம்மா கேட்டா.

"கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" எண்டா அம்மா.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். அக்காவின் பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். பால்மா கரைப்பது அந்தத் தண்ணியில்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நைத்திரேற்று, இரத்தம் ஒட்சிசனைக் காவுவதைத் தடுத்து உடம்பை நீலமாக்கும்.

எங்கட ஊர்க் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, அது மணத்தது, மிதந்தது. 2015இல் சனம் வீதிக்கு இறங்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதற்காக ஒருத்தரும் வீதிக்கு இறங்க மாட்டினம்.

இப்போது பிள்ளைக்கு வேறு தண்ணி வாங்குகிறோம். பேத்தைக்கு மாரியில் சேர்த்த மழைத் தண்ணியும் கடல் தண்ணியும். பக்கத்து வீட்டுக்காரரும் போத்தலில் தண்ணி கொண்டுவந்து "இதையும் ஒருக்கால் பார் தம்பி" என்கினம். மீன்தொட்டிச் சோதனை ஒரு மட்டு மதிப்புத்தான். சிவந்தால் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்புகிறேன்.