எலும்புக்கூடுகள் நிற்கும் வாசல்: பழவேற்காட்டில் ஓர் ஒல்லாந்தர் நகரம்!

விடுமுறை வந்தால் தர்மபுரிக்காரர்கள் வத்தல்மலைக்குக் கிளம்புவார்கள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. சென்னைக்காரர்களின் வண்டிகள் தெற்கே மாமல்லபுரம் பக்கம் திரும்பும். வடக்கே திரும்புகிற வண்டிகள் குறைவுதான். அப்படித் திரும்பினால் சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், ஆரணி ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில், ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர் இருக்கிறது. அதுதான் பழவேற்காடு. ஆங்கிலத்தில் புலிகாட்.

இன்று பார்த்தால் மீன் வாடை வீசும் சாதாரணக் கடலோர ஊர். ஆனால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இங்கே ஐரோப்பியர் கோட்டை எழுந்துவிட்டது. கடல் கடந்து போன துணியும், துப்பாக்கி மருந்தும், கூடவே மனிதர்களும் இந்த ஊர் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள்.

ஏரிதான் ஊருக்கு உயிர்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனைதான் தமிழ்நாட்டில். ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது. ஏரியும் கடலும் கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்பார்கள்.

அந்த முகத்துவாரமும், உள்ளே அமைதியான நீரும் இருந்ததால்தான் வணிகர்கள் இங்கே வந்தார்கள். அரபு வணிகர்களுக்குப் பிறகு 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்கள் காலத்தில் தொடங்கிய மாதா வழிபாடு இன்றும் மகிமை மாதா ஆலயத்தில் தொடர்கிறது.

ஆற்றங்கரை நாட்டிலிருந்து வந்த பெயர்

டச்சுக்காரர்களை நம் முன்னோர் ஒல்லாந்தர் என்றே அழைத்தார்கள். 1602-ல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று 1610-ல் இங்கே வணிகம் தொடங்கியது. சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் சும்மா இருப்பார்களா? 1612-ல் வந்து தாக்கி அழித்தார்கள். அதன் பிறகு 1613-ல் டச்சுக்காரர்கள் வலுவான கோட்டை ஒன்றைக் கட்டி முடித்தார்கள்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கெல்ட்ரியா'. கோட்டையைக் கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்கெம், நெதர்லாந்தின் கெல்டர்லாண்ட் மாகாணத்துக்காரர். ரைன், வால், ஐசல் என ஆறுகள் ஓடும் பூமி அது. ஐசல் ஆற்றங்கரையில் உள்ள சுட்ஃபன் போன்ற சிறு நகரங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் கூட்டமாகப் போகிறார்கள். பழைய மதில்களையும் கோபுரங்களையும் அங்கே அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த மாகாணத்தின் பெயரைச் சுமந்த நம் ஊர்க் கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பவை மேடும் புதரும் பழைய அகழியின் தடமும்தான்.

கைலியில் ஒட்டிக்கொண்ட ஊர்ப்பெயர்

டச்சுக்காரர்களுக்குத் தேவைப்பட்டவை இந்தோனேசியத் தீவுகளில் விளைந்த ஜாதிக்காய், கிராம்பு. அந்தத் தீவுக்காரர்கள் அவற்றுக்கு விலையாகக் கேட்டது நம் ஊர்த் துணி. அதனால் சோழமண்டலக் கரையில் நெய்த துணியை வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள்களை வாங்கி, ஐரோப்பாவில் விற்றார்கள். இந்தச் சுற்று வணிகத்தில் நம் பக்கத்துத் தலைமையிடம் பழவேற்காடு. இங்கே காசு அச்சடித்தார்கள்; துப்பாக்கி மருந்தும் தயாரித்து அனுப்பினார்கள்.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட பருத்திக் கைலிக்கு இன்றைக்கும் 'பெலெக்காட்' என்றுதான் பெயர். பழவேற்காடு என்ற பெயர்தான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. உடுத்துகிறவர்களில் பலருக்கு அது ஓர் ஊரின் பெயர் என்பதே தெரியாது. துணியை நெய்தவர்கள் யாருடைய பெயரும் எங்கும் இல்லை.

கல்லறைத் தோட்டம்

பழவேற்காட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகள் முதலில் பயப்படுவார்கள். அப்புறம் அங்கிருந்து நகர மாட்டார்கள். ஒன்றின் தலையில் மணற்கடிகை இருக்கும். 'உன் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று உள்ளே வருகிறவர்களுக்குச் சொல்லும் அந்தக் கால ஐரோப்பிய வழக்கம் அது.

உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கற்பலகைகள். பழைய டச்சு எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், பூவேலைப்பாடுகள். கம்பெனி அதிகாரிகள், வணிகர்கள், அவர்களின் மனைவியர், குழந்தைகள் எனச் சொந்த மண்ணை விட்டு ஆயிரக்கணக்கான மைல் வந்து இங்கேயே முடிந்துபோனவர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது.

கல் கிடைக்காதவர்கள்

இதே காலத்தில் இதே கரையிலிருந்து இன்னொரு கூட்டமும் போனது. டச்சுக் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்ட மக்கள்! பஞ்சம் வந்த ஆண்டுகளில், ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோனார்கள். 1621 முதல் 1665 வரை சோழமண்டலக் கரையிலிருந்து இப்படி அனுப்பப்பட்டவர்கள் 38,000-க்கும் மேல் என்று கம்பெனியின் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பழவேற்காடு அந்த ஏற்றுமதியின் முக்கியத் துறைமுகம்.

அவர்களுக்கு இங்கே ஒரு கல்கூடக் கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் அழகை ரசித்துவிட்டு வெளியே வரும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரின் வரலாறு அப்போதுதான் முழுமையாகும்.

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். ஊரின் செல்வாக்கு குறையத் தொடங்கியது. 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த ஒப்பந்தப்படி, அடுத்த ஆண்டு பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. பக்கத்தில் சென்னை வளர வளர, இந்தத் துறைமுகத்தைத் தேடுவார் இல்லை.

இன்னும் என்ன பார்க்கலாம்?

செம்பாறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகள் கையகலச் சிற்பங்களாக இருக்கின்றன. பள்ளிவாசலில் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் இந்த ஊருக்கே உரிய அழகு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் வரும் காலம். கூழைக்கடா, நாரை வகைகளும் கூடவே இருக்கும். காலையில் சீக்கிரம் போனால் நிறையப் பார்க்கலாம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

கரையில் நின்றால் மீனவர்களின் 'பாடு' முறையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கிராமத்தினர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. இந்த ஏற்பாடும் முகத்துவாரத்தை நம்பித்தான் இருக்கிறது. மணல் சேர்ந்து அது அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது. இறால் குஞ்சுகளும் வராது. படகு கடலுக்குப் போகவும் முடியாது. முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. ஒரு காலத்தில் கப்பல்களைக் கூட்டிவந்த அதே வாசல்தான் இன்று அவர்களின் அடுப்பெரியக் காரணம்.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வெயிலுக்குத் தொப்பியும் குடிநீரும் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகுச் சவாரிக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அனுமதி இல்லை என்றாலோ, பாதுகாப்பு அங்கி தரவில்லை என்றாலோ ஏறவே வேண்டாம். கரையில் நின்றாலே பறவைகள் தெரியும்.

திரும்பும்போது மதியச் சாப்பாட்டுக்கு ஏரி இறாலும் நண்டும் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு பனையோலைப் பெட்டி வாங்கி வாருங்கள். பின்னியவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினால், இந்த ஊரில் பெயரில்லாமல் போன கைவினைஞர் வரிசையில் ஒருவராவது குறையும்.