பெர்காமோவில் ஒரு நாற்காலி

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் பிறந்த சொத்தோ இல் மொந்தே என்னும் சிற்றூரைத் தரிசிக்க வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆவல். 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் கடைசி வாரத்தில் அது நிறைவேறிற்று. மிலான் நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பெர்காமோ வந்து சேரலாம். அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் அவ்வூர். 1881 நவம்பர் 25இல் அந்த மகான் பிறந்த குடியானவர் இல்லத்தைப் பற்றி மற்றொரு சமயம் விரிவாக எழுதுவோம். இன்று எழுதக் கருதியது பெர்காமோவில் நாம் கண்ட ஒரு நாற்காலியைப் பற்றி.

பெர்காமோ இரண்டு அடுக்காய் அமைந்த நகர். குன்றின்மேல், வெனிஸ் நாட்டார் எழுப்பிய மதிலுக்குள் பழைய நகரம். அடிவாரத்தில் புதிய நகரம். கம்பிவடத்தால் இழுக்கப்படும் சிறு ரயில் பெட்டி இரண்டையும் இணைக்கின்றது. வாசக அன்பர்களுக்கு இவ்வூரின் பெயர் வேறொரு வகையில் நினைவிருக்கும். 2020 மார்ச் 18ஆம் நாள் இரவு, கொரோனாவில் இறந்தோரின் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இராணுவ லாரிகள் வரிசையாக வேற்றூர்த் தகன நிலையங்களுக்குச் சென்றது இங்கிருந்துதான். அந்தச் சில வாரங்களில் இம்மறைமாவட்டம் இருபதுக்கும் மேற்பட்ட குருக்களைப் பறிகொடுத்தது. அருளப்பரின் பெயர் தாங்கிய பெரிய மருத்துவமனையை அடுத்து, ட்ரூக்கா பூங்காவில், 2021 மார்ச் 18 அன்று நினைவுத் தோப்பு ஒன்று திறந்துவைக்கப்பட்டது. நாம் சென்றபோது அங்கே மரங்கள் இன்னும் கன்றுகளாகவே நின்றன. செபமாலை ஒன்று சொல்லி முடித்தோம்.

இறந்தோரைப் பற்றி உலகம் அறியும். பிழைத்தோர் என்னவானார்கள்? அம்மருத்துவமனையின் மருத்துவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. முதல் அலையில் பிழைத்து வீடு திரும்பியவர்களில் 767 பேரை மீண்டும் அழைத்துப் பரிசோதித்தார்கள். வீடு திரும்பிச் சுமார் எண்பது நாள் கழிந்தும் பாதிப்பேருக்கு முழுச் சுகம் இல்லை. சோர்வும், சிறிது நடந்தாலே மூச்சு வாங்குவதும் மிகுதி. பத்தில் மூவருக்கு அந்த நாட்களின் திகில் மனத்தைவிட்டு அகலவேயில்லை.

நமது கடற்கரைப் பக்கத்தைச் சேர்ந்த கன்னியர் ஒருவர், கீழ் நகருக்கு அப்பால் முதியோருக்கான சுகவாழ்வு இல்லம் ஒன்றில் நர்ஸாகப் பணிபுரிகின்றார். அவர் அழைப்பின்பேரில், முகக்கவசம் அணிந்து ஒரு காலைப்பொழுது அங்கே சென்றோம். மருந்து வாசனையைவிடக் காப்பி வாசனையே மிகுதி. ஒரு நீண்ட நடை; சுவரோரம் கைப்பிடிக் கம்பி; மூலையில் நான்கே படிகள் கொண்ட மரப்படிக்கட்டு, எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு. சன்னலருகே, கைவைத்த நாற்காலியில் எண்பத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவ்வாண்டுக் கோடையில் நோய் கண்டு, மூன்று வாரம் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்தவர். நாம் குரு என்று அறிந்ததும் மரியாதைக்காக எழ முற்பட்டார். கைகள் நடுங்கின. முழங்கால் மடங்கிற்று. நாம் பாய்ந்து சென்று அவரைத் தாங்கக் கை நீட்டினோம்.

"தொடாதீங்க சாமி! அவரே எழும்பட்டும்," என்றார் சிஸ்டர்.

சற்றுக் கடுமையாகவே சொன்னார். பெரியவர் பாதங்களைப் பின்னே இழுத்து, உடலை முன்னே சாய்த்து, இரண்டாம் முயற்சியில் எழுந்து நின்றார். சிஸ்டர் அவர் பக்கத்திலேயே, பிடிக்காமல், ஆனால் விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நின்றிருந்தார். அன்றைக்கு அது ஆறாவது தடவையாம். பத்துத் தடவை எழ வேண்டும் என்பது கணக்கு.

நாம் பேச்சற்றுப் போனோம். காரணத்தைச் சொல்லிவிடுவதே முறை.

2021 ஜூன் மாதம், நமது பங்கில் எழுபத்து நான்கு வயது விதவைத் தாய் ஒருவர் பதினெட்டு நாள் பிராணவாயு சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். மக்கள் உத்தமர்கள். கூடத்தில் கட்டில் போட்டார்கள், மருமகள் ஊட்டிவிட்டாள், கால் தரையில் பட விடவில்லை. முதல் வெள்ளியன்று திவ்விய நற்கருணை கொண்டுசென்றபோது, அந்த அம்மாள் எழுந்து வாங்க விரும்பிக் காலைக் கீழே தொங்கவிட்டார். "படுத்திருங்கள் அம்மா, ஆண்டவர் குறைகொள்ள மாட்டார்," என்றோம் நாம். அடுத்த மாதமும் அதையே சொன்னோம். தீபாவளிக்குள் அவர் கால்கள் அவரைத் தாங்க மறுத்துவிட்டன. பிறகு படுக்கைப் புண், பிறகு சளி. தவக்காலத்தில் அடக்கம் செய்தோம். கொரோனா கொன்றது என்று ஊரார் சொன்னார்கள். அடக்கப் பூசையில் நாமும் அவ்வாறே பிரசங்கித்தோம்.

சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்மைக் குறைகூறவில்லை; விளக்கினார். நோயற்ற முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் கிடத்திப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்றாம். அப்படியிருக்க, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டவர்களுக்கு எப்படியிருக்கும்! ஆகவே இங்கே உணவு கட்டிலில் கிடையாது. மேசைக்கு வந்தாக வேண்டும். மூக்கால் இழுத்த மூச்சை, விளக்கை அணைப்பதுபோல் உதடு குவித்து மெல்ல விடப் பழக்குகிறார்கள். தொண்டையில் குழாய் இருந்தவர்களுக்குத் தண்ணீர் விழுங்குவதும் பாடமே. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதல்லவா? சிலர் இரவில் மனம் குழம்பி, இன்னும் மருத்துவமனையில் இருப்பதாக எண்ணி அலறுவதுண்டு. அவர்களுக்காகப் பெரிய எழுத்துக் காலண்டரும் கடிகாரமும் படுக்கைக்கு எதிரே. வதைப்பது என்று எண்ணிவிட வேண்டாம். விரலில் மாட்டிய சிறு கருவி பிராணவாயு குறைவதாகக் காட்டினால், உடனே உட்காரவைத்துவிடுகிறார்கள். ஒருநாள் மிகுதியாகச் செய்து மறுநாள் சோர்ந்து விழுந்தால், அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இராயப்பரின் மாமியார் காய்ச்சல் நீங்கி எழுந்ததைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அந்த அம்மாள் உடனே பந்தி பரிமாறினார் என்பதை, ஏனோ, எப்போதும் விரைந்து கடந்துவிடுவோம்.

பெரியவரின் மனைவி 2020 மார்ச்சில், அந்தக் கொடிய வாரங்களில் இறந்தவர். அடக்கத்துக்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிறகு ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் சென்று வந்தார். இவ்வாண்டும், அதுவும் நடந்தே செல்ல வேண்டுமென்பது அவர் பிடிவாதம். கல்லறைத் தோட்டத்து வாயிலிலிருந்து இருநூறு அடி எடுத்துவைக்க வேண்டுமாம், எண்ணி வைத்திருக்கிறார். நாம் சென்ற அன்று நடையில் எழுபது அடி நடந்து, கம்பியைப் பிடித்து நின்று, நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

ஊர் திரும்பியபின் டிசம்பரில் சிஸ்டரின் கடிதம் வந்தது. நவம்பர் 2இல் நல்ல மூடுபனியாம். பெரியவர் நூற்றுப் பத்து அடி நடந்தார். மீதி வழி சக்கர நாற்காலியில். கல்லறை அருகே வந்ததும், பேரன் கை நீட்டியிருக்கிறான். அவர் அதை விலக்கிவிட்டு, இரு பாதங்களையும் பின்னே இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாராம்.